சத்தமில்லாமல் ஓடிய வானொலி

நசாரியா சுக்கசாக்கா, கோல்காபம்பா ஊர் வானொலிக் கோபுரத்துக்குக் காவலுக்கு வந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. தங்கச் சுரங்கத்துக்குப் போன கணவன் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்துகிறான் என்று தெரிந்த வருஷம் அது. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம், "அவருக்குத் தங்கம் கெடச்சிருச்சு, எனக்குக் கோபுரம் கெடச்சிருச்சு. யாருக்கும் நஷ்டமில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். சிரித்தாள் என்பதற்காக அவளுக்கு வலிக்கவில்லை என்று யாரும் நினைத்துக்கொள்ளவில்லை.

சமவெளியின் நடுவில் அறுபது மீட்டர் உயரத்துக்கு நின்றது கோபுரம். அதன் அடியைச் சுற்றி இடுப்பளவு மரவேலி. பக்கத்தில் டிரான்ஸ்மிட்டர் இருந்த செங்கல் கட்டடம், அதற்கும் பக்கத்தில் நசாரியாவின் ஒற்றை அறை. பேசுகிறவர்கள் பதினொரு கிலோமீட்டர் தள்ளி டவுனில் உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சு இங்கே வந்து, கோபுரத்தில் ஏறி, மலையெல்லாம் போனது. விடிகாலை நாலு மணியிலிருந்து பத்து வரை ஒலிபரப்பு, பிறகு மதியம் இரண்டிலிருந்து எட்டு வரை. நடுவில் நாலு மணி நேரம் மின்சாரச் செலவுக்குப் பயந்து நிறுத்திவிடுவார்கள். நிறுத்துவதும் போடுவதும் நசாரியாவின் வேலை. ஒரு சாவியைத் திருப்பினால் மின்விசிறி உறுமும், விளக்குகள் எரியும், கோபுரத்துக்கு ஏறும் மின்சாரத்தைக் காட்டும் முள் எழுந்து ஒன்பதில் போய் நிற்கும். பத்து வருஷமாக அந்த முள் ஒன்பதை விட்டு நகர்ந்ததில்லை.

எங்கள் பக்கத்தில் வானொலி என்பது பாட்டுக் கேட்கிற பெட்டி மட்டுமல்ல. மலை மேலே செல்போன் எடுக்காது. யாருக்குப் பிள்ளை பிறந்தது, யார் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், கம்பளி மயிருக்காக வளர்க்கிற அல்பாக்காக்களுக்கு ஊசி போட டாக்டர் எந்தக் கிழமை வருகிறார், எல்லாமே அறிவிப்பாகத்தான் போகும். "யாச்சுனியில் இருக்கும் திருமதி ப்ரூதென்சியாவுக்கு, உங்கள் மகன் லீமாவிலிருந்து புறப்பட்டுவிட்டான், வெள்ளிக்கிழமை பாலத்தருகே குதிரையோடு காத்திருக்கவும்" என்று சொன்னால், அந்த அம்மாள் குதிரையோடு காத்திருப்பாள். நசாரியாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். ஆனால் மலையில் யார் யார் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்கு அத்துபடி.

பதினோராவது வருஷம், செப்டம்பரில், முள் எட்டரைக்கு இறங்கியது. மழை இல்லாததால் மண் காய்ந்திருக்கும் என்று விட்டுவிட்டாள். அக்டோபரில் எட்டு. அந்த மாதம், மூன்று கிலோமீட்டர் தள்ளிக் கூடும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், மேட்டு ஊரான யாச்சுனியின் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏன் நசாரியா, உன் ரேடியோவுக்குச் சளி கிளி புடிச்சிருக்கா? இப்பல்லாம் எங்க மேட்டுக்கு ஏறி வர மாட்டேங்குது."

"பாதி ஏத்தத்துல மூச்சு வாங்குது, என் வீட்டுக்காரர் மாதிரி" என்றாள் இன்னொருத்தி. மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"பேட்டரி தீந்துருக்கும், மாத்திப் பாருங்க."

"மூணு வீட்டுல ஒரே நாள்லயா பேட்டரி தீரும்?"

நசாரியா அன்று பாலாடைக்கட்டியைக்கூட விற்காமல் திரும்பினாள். ஒரு இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கோபுரத்தின் கிழக்குப் பக்கம் நடந்து, மண்ணைக் குத்திக் குத்திப் பார்த்தாள். அங்கே மண்ணுக்குள் ஒரு சாண் ஆழத்தில் செம்புக் கம்பிகள் புதைந்திருந்தன. வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல, கோபுரத்தடியிலிருந்து எல்லாப் பக்கமும் நூற்றிருபது கம்பிகள், ஒவ்வொன்றும் கோபுரத்தின் உயரம் அளவுக்கு நீளம். கட்டடச் சுவரில் அந்தப் படம் மாட்டியிருந்தது.

இரும்புக் கம்பி குத்திய இடத்தில் மண் பொதபொதவென்று உள்ளே போனது. குனிந்து புல்லை இழுத்தாள். மூடி போலக் கையோடு வந்தது. நீளமாக வெட்டி, கம்பியை உருவி, புல்லைத் திரும்ப அதே இடத்தில் பொருத்தி வைத்திருந்தார்கள். அவசரக்காரன் வேலையில்லை. முழங்காலிட்டு நகர்ந்து நகர்ந்து எண்ணினாள். முப்பத்தொரு கம்பிகள் இல்லை.

நிலையத்தின் நிர்வாகி எடில்பெர்த்தோ சேயா மறுநாளே வந்தார். மரியாதையாக எல்லோரும் அவரை 'தோன்' போட்டுத்தான் கூப்பிடுவார்கள். அறிவிப்பாளராக இருந்து, ஊர் ஊராகப் போய்க் கூட்டுறவுக்கு ஆள் சேர்த்து, இந்த நிலையத்தைத் தூக்கி நிறுத்தியவர். குழிகளை ஒவ்வொன்றாகச் சுற்றி நடந்து பார்த்தார்.

"எப்ப எடுத்திருப்பான்னு நெனைக்கிறீங்க, சென்யோரா?"

"ஞாயித்துக்கிழமைதான், தோன் எடில்பெர்த்தோ. மத்த நாள் நான் இங்கேதான இருக்கேன்."

"ஞாயித்துக்கிழமை நீங்க இருக்க மாட்டீங்கன்னு யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் தெரியும். பத்து மணிக்கு நிறுத்திட்டுச் சந்தைக்குப் போவேன், ரெண்டுக்குள்ள வந்துருவேன். ஊரே சந்தைக்குத்தான போகுது."

"ஊர் போகட்டும். ஊருக்கா நாங்க சம்பளம் குடுக்குறோம்? நீதான காவல்காரி."

பத்து வருஷத்தில் அவர் அவளை 'நீ' என்று சொன்னது அதுதான் முதல் தடவை. அவருக்கே அது உறைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டார். அவளையே சந்தேகிக்கிறார் என்பது புரியாமல் போக அவள் குழந்தையா?

திருட்டைத் தடுக்க என்னென்னவோ செய்தார்கள். இடத்தைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். பதினைந்து நாளில் அந்த முள்கம்பியும் போனது. இரண்டு நாய்கள் கொண்டுவந்து விட்டார்கள். அவை தபால்காரரைக் கண்டால்கூடக் குரைத்துத் தீர்த்தன, ஆனால் கம்பி போய்க்கொண்டேதான் இருந்தது. போலீஸ்காரர் ஒருவர் வந்து குழியைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார். வானொலியிலேயே தினம் மூன்று வேளை வேண்டுகோள் வாசித்தார்கள். நசாரியா ஒரு நாள் பஸ் ஏறி ஹுலியாக்காவுக்குப் போய்க் காயலான் கடைகளை ஒவ்வொன்றாக விசாரித்தாள். ஒரு கடைக்காரர் தராசைத் துடைத்தபடியே சொன்னார்:

"செம்புக்கு மூஞ்சி இருக்காம்மா, இது உங்களோடதுன்னு சொல்ல? மேல தோலை எரிச்சுட்டு உருக்கினா எல்லாம் ஒண்ணுதான். எடை போடுவேன், எங்கேர்ந்துன்னு கேக்க மாட்டேன். கேட்டா பக்கத்துக் கடைக்குப் போயிருவான்."

நசாரியா ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போவதை நிறுத்தினாள். உடனே புதன்கிழமை, அவள் தண்ணீர் எடுக்க ஓடைக்குப் போன ஒன்றரை மணி நேரத்தில் நாலு கம்பி போனது. அவளுடைய நடமாட்டத்தை அவளைவிட நன்றாக யாரோ தெரிந்து வைத்திருந்தார்கள்.

தெரிந்து வைத்திருக்கக் கூடியவர்கள் நிறைய பேர் இல்லை. அரை மைல் தூரத்தில் இருந்தது ஒரே ஒரு வீடு. செனோன் துர்ப்போவும் அவன் மனைவி சபீனாவும் அங்கே இருந்தார்கள். அவர்களுடைய மகள் மாரிட்சாவுக்கு நசாரியா ஞானத்தாய். அதனால் செனோனும் சபீனாவும் அவளை 'கொமாத்ரே' என்று கூப்பிட்டார்கள், அவள் செனோனை 'கொம்பாத்ரே' என்றாள். எங்கள் ஊரில் அது கூடப்பிறந்த உறவுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. செனோன் அல்பாக்காவுக்கு மயிர் கத்தரிக்கிறவன். ஒரு மிருகத்தைக் கீழே சாய்த்து, தோலில் ஒரு கீறல் படாமல், போர்வையை மடிப்பது போல மயிரை ஒரே துண்டாகக் கழற்றி எடுப்பான். நாலு மாவட்டத்தில் அவனைத் தேடி வருவார்கள். ஆனால் இரண்டு வருஷமாகக் கம்பெனிக்காரர்கள் மெஷினோடு வந்து கத்தரித்துப் போக, அவனை யாரும் தேடவில்லை.

நாய்கள் செனோனைப் பார்த்துக் குரைப்பதில்லை. அந்த எண்ணம் ஒரு நாள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நசாரியாவுக்கு வந்தது. வந்த வேகத்திலேயே அதை அமுக்கிவிட்டு, பாத்திரத்தை இன்னும் அழுத்தித் தேய்த்தாள்.

பிப்ரவரியில் பனி கொட்டியது. அல்பாக்காக்கள் குட்டி போடுகிற மாதம். முதல் நாள் மதியமே வானிலைக்காரர்கள் சொல்லி, நிலையம் திரும்பத் திரும்ப அறிவித்தது: தாய்களைப் பட்டிக்கு இறக்குங்கள், குட்டிகளைக் கூரைக்கு அடியில் வையுங்கள். கீழ் ஊர்கள் கேட்டன, இறக்கின. முள் ஆறில் நின்றது. எழுபதுக்கும் மேல் கம்பி இல்லாத கோபுரத்தின் குரல் யாச்சுனிக்கு ஏறவில்லை.

மூன்றாம் நாள் யாச்சுனியின் ஊர்க்காவல் தலைவர் கசிமீரோ குதிரையில் டவுனுக்கு வந்தார். நிலையத்தின் வாசலில் இறங்கி, சேணத்தில் கட்டியிருந்த சாக்கை அவிழ்த்து, மூன்று செத்த குட்டிகளை வரிசையாக வைத்தார். எடில்பெர்த்தோ வெளியே ஓடிவந்தார். மாத அறிக்கையில் கைநாட்டு வைக்க வந்திருந்த நசாரியாவும் அங்கேதான் நின்றாள்.

"மேல இன்னும் நாப்பது கெடக்கு" என்றார் கசிமீரோ. குரலை உயர்த்தவில்லை. "யார் வீட்டுக் கல்யாணம், யார் வீட்டுச் சாவுன்னு வாசிக்கிறீங்கல்ல, இதையும் வாசிங்க. சத்தமா வாசிங்க. எங்களுக்குத்தான் கேக்காதே."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எடில்பெர்த்தோ தானே காவலிடத்துக்கு வந்தார். பத்து மணி ஆகியது. நசாரியா நிறுத்துவதற்காகச் சாவியில் கை வைத்தாள்.

"விடுங்க. நிறுத்த வேண்டாம்" என்றார்.

"பத்தாயிடுச்சே."

"பேச்சு நின்னுடுச்சு. அலை மட்டும் போகட்டும். கேக்குறவங்களுக்கு ஒண்ணும் கேக்காது. நின்னுபோச்சுன்னுதான் நெனைப்பாங்க. வர்றவனும் அப்படித்தான் நெனைப்பான்."

நசாரியா சாவியிலிருந்து கையை எடுக்கவில்லை. கட்டடத்திலிருந்து கோபுரத்தடிக்கு ஒரு செம்புக் குழாய் போகிறது, விரல் தடிமன். ஒலிபரப்பு ஓடும்போது அதைத் தொட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வந்த மூன்றாம் வருஷம், வேலி உடைந்திருந்த ஒரு காலையில், ஒரு செம்மறி மூக்கை நீட்டி அதை முகர்ந்தது. கருகிய மயிர் நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

"தோன் எடில்பெர்த்தோ, ஆள் செத்துப்போனா?"

"சாக மாட்டான். கை சுடும். ஒரு தடவை சுட்டா அப்புறம் இந்தப் பக்கமே தலை வெச்சுப் படுக்க மாட்டான்."

"அப்படின்னா ஒரு போர்டு எழுதி வெப்போம். எப்பவும் கரண்டு ஓடும்னு எழுதுவோம்."

"எழுதினா மண்ணுக்குள்ள இருக்கிறதை மட்டும் உருவிட்டுப் போவான். இத்தனை நாள் அதத்தான செஞ்சான். நின்னுருக்குன்னு நெனச்சாத்தான் குழாயில கை வெப்பான்." அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "அவன் மாட்டக் கூடாதுன்னு உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கா?"

அந்தக் கேள்விதான் அவளை அடித்தது. இல்லை என்று சொல்ல ஒரே வழிதான் இருந்தது. சாவியிலிருந்து கையை எடுத்தாள். மின்விசிறிச் சத்தம் வெளியே கேட்காமலிருக்க ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிடச் சொன்னார். அதையும் செய்தாள். வழக்கம்போலப் பாலாடைக்கட்டிக் கூடையை முதுகில் கட்டிக்கொண்டு, எல்லோரும் பார்க்கும்படி சந்தைக்கு நடக்கச் சொன்னார். நடந்தாள்.

மூன்று ஞாயிறுகள் ஒன்றும் நடக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் திரும்பி வரும்போது, தூரத்திலிருந்தே கோபுரத்தடியில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்த்துக்கொண்டே வருவாள். ஒன்றும் இல்லை என்றதும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவாள். நாலாவது ஞாயிறுக்கு முந்தின நாள், செனோன் ஒரு துண்டு ஆட்டிறைச்சியோடு வந்தான்.

"சபீனா குடுத்தனுப்பினா, கொமாத்ரே. ஏன் மொகம் இப்படி வாடிக் கெடக்கு?"

"பல்வலி."

"கோக்கா எலைய மென்னு அடக்கி வைங்க. நாளைக்கு சந்தைக்குப் போவீங்கல்ல, அங்க பல் பாக்குறவன் வருவான்."

"போவேன்" என்றாள்.

அவன் எதற்காகக் கேட்டான் என்று அவளுக்குள் ஏதோ ஒன்று சொன்னது. கோபுரத்துக் கிட்ட யாரும் போகாதீங்க கொம்பாத்ரே, கரண்டை நிறுத்துறதில்ல என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. சொன்னால் அவனைத் திருடன் என்று சொன்னது போலாகும். அவன் திருடன் இல்லையென்றால் அந்த முகத்தில் எப்படி விழிப்பது? திருடன் என்றால், யாச்சுனிக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது? இறைச்சியை வாங்கி உள்ளே வைத்தாள். அவன் போகிறபோது நாய்கள் வாலை ஆட்டிக்கொண்டு பாதி வழி வரை கூடவே போயின. நசாரியா அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் சந்தையில் அவளால் நிற்க முடியவில்லை. பதினொன்றரைக்கே கூடையைப் பக்கத்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு, ஒரு ஆட்டோவைப் பிடித்துத் திரும்பினாள். சாலையோரத்தில் இறங்கி வயலுக்குள் ஓடினாள்.

செனோன் வேலிக்கு உள்ளே, கோபுரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். வலது கையை இடது கையால் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான். அவன் முன்னால், செம்புக் குழாயின் பக்கத்தில் ஒரு ரம்பமும், இச்சு என்கிற முரட்டு மலைப்புல்லில் கவிழ்ந்து கிடந்த ஒரு பாக்கெட் ரேடியோவும். முகம் சாம்பல் நிறமாக இருந்தது. கத்தவில்லை. அவளைப் பார்த்ததும் குழம்பிப்போனவன் போலச் சொன்னான்:

"கொமாத்ரே, நின்னு போச்சுன்னு பாத்துட்டுத்தான் வந்தேன். ரேடியோவப் போட்டுப் பாத்தேன். ஒண்ணுமே பேசலயே."

நசாரியா கட்டடத்துக்குள் ஓடிச் சாவியைத் திருப்பினாள். மின்விசிறி அடங்கியது. வெளியே வந்து, தன் சால்வையை நனைத்து, அவன் கையைச் சுற்றினாள். சுற்றும்போது பார்த்தாள். இரண்டு விரல்கள் வெள்ளையாக இருந்தன. உள்ளங்கையில் ஒரு கருங்குழி. சாலை வரை அவனைத் தாங்கி நடத்திக் கொண்டுபோனாள். நின்றிருந்த ஆட்டோக்காரன் எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தான்.

வழியில் செனோன் பேசிக்கொண்டே வந்தான். "அடுப்புல விழுந்துட்டேன்னு சொல்லுங்க. சபீனாவுக்குத் தெரியாது. பழைய மாட்டுவண்டி இரும்பை விக்கிறேன்னு சொல்லி வெச்சிருக்கேன்." பிறகு, "இந்தக் குழிய தோண்டினதே நாங்கதான கொமாத்ரே, கம்பி போட்டப்போ. மண்ணுக்குள்ள சும்மாதான கெடக்குதுன்னு நெனச்சேன். மண்ணுக்குள்ள கெடக்குற கம்பி எப்படிப் பேசும்? மேல நிக்கிறதுதான பேசுது."

பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவனுக்கு அதைச் சொன்னதில்லை. அவளும் சொன்னதில்லை, நிலையத்தில் யாரும் சொன்னதில்லை.

ஹுலியாக்கா ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். மற்ற மூன்றும் இருந்தன, ஆனால் மடங்கவில்லை.

அடுப்புக் கதை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஆட்டோக்காரன் பார்த்திருந்தான், ரம்பம் வேலிக்குள் கிடந்தது. ஊர்க்காவல் சபை கூடுவதாக அறிவிப்பு வந்தது, அதே வானொலியில். முந்தின நாள் எடில்பெர்த்தோ வந்தார். உள்ளே வரவில்லை, கதவருகிலேயே நின்றார்.

"அவன் கோபுரத்துக்கு உள்ள வந்து வெட்டினான், கரண்டு அடிச்சிருச்சு. அது போதும். ஞாயித்துக்கிழமை ஓடிட்டிருந்துதா இல்லையான்னு யாரும் கேக்கப் போறதில்ல."

"கேட்டா?"

"சோதனைக்குப் போட்டோம்னு சொல்லுங்க." பிறகு சொன்னார்: "நானும் தூங்கல, சென்யோரா. ஆனா இந்த நிலையம் மூடிட்டா யாச்சுனிக்கு யார் அறிவிப்பு வாசிப்பா?"

அவர் பொய் சொல்லவில்லை. அவர் கண்கள் சிவந்திருந்தன.

அவர் போன பிறகு சபீனா வந்தாள். அவளும் உள்ளே வரவில்லை.

"திருடினாரு, இல்லன்னு சொல்லல. எனக்குத் தெரியாமத் திருடினாரு. ஆனா நாலு நாளா ஒண்ணு கேக்கணும்னு இருக்கேன். சந்தைலருந்து ஏன் சீக்கிரம் வந்தே, கொமாத்ரே?"

உள்ளே வரும்படி நசாரியா கதவை அகலத் திறந்தாள்.

"உனக்குத் தெரியும்" என்றாள் சபீனா. "தெரிஞ்சுதான் ஓடி வந்திருக்கே."

சபை பள்ளிக்கூட மைதானத்தில் கூடியது. ஏழு ஊர் ஆட்கள். யாச்சுனிக்காரர்கள் பொன்சோ கம்பளியைப் போர்த்திக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கசிமீரோவின் இடுப்பில் மூன்று வால் சாட்டை தொங்கியது. செனோன் கட்டுப்போட்ட கையோடு நடுவில் வெறுங்காலோடு நிறுத்தப்பட்டான். எடுத்ததை எல்லாம் ஒப்புக்கொண்டான், கடைக்காரர் பெயரைச் சொன்னான். "எத்தனை அடி?" என்று ஒருவர் கேட்டார். "நாப்பத்து மூணு" என்று யாச்சுனிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல் சொன்னது. சந்தையில் சிரித்த பெண்களில் ஒருத்திதான்.

காவல்காரியை அழைத்தார்கள். நசாரியா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

"அன்னைக்கு ரேடியோ ஓடிட்டிருந்தது" என்றாள். "சத்தமில்லாம ஓடிட்டிருந்தது. நின்ன மாதிரி தெரியணும்னு ஜன்னல்ல கம்பளி தொங்க விட்டேன். நாலு ஞாயிறு அப்படி விட்டோம். தொட்டவன் கை கருகும்னு எனக்குத் தெரியும். வர்றது இவரா இருக்கலாம்னு நெனச்சேன். நெனச்சும் சொல்லல."

முதலில் யாருக்கும் புரியவில்லை. பிறகு புரிந்தவர்கள் புரியாதவர்களுக்குச் சொல்ல, மைதானம் முழுக்க இரைச்சலானது. எடில்பெர்த்தோ எழுந்து, "நான்தான் சொன்னேன், அவங்க தானா செய்யல" என்றார். அது அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

"சொன்னது அவரு" என்றாள் நசாரியா. "சாவியில இருந்தது என் கை."

"அப்ப யாரை அடிக்கிறது?" என்று ஒரு ஆள் கத்தினான். "திருடனையா, காவல்காரியையா?" சிலர் சிரித்தார்கள். கசிமீரோ சிரிக்கவில்லை. செனோனின் பக்கம் போய், கட்டை அவிழ்க்கச் சொல்லி அந்தக் கையைப் பார்த்தார். பிறகு யாச்சுனிக்காரர்களைக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக வந்து பார்க்கச் சொன்னார். நாற்பத்து மூன்று என்று சொன்ன பெண்ணும் வந்து பார்த்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய் உட்கார்ந்தாள்.

சாட்டை கழற்றப்படவில்லை. சபை மதியம் வரை பேசியது. அந்தப் பேச்சின் நடுவில்தான் ஒருவர் நசாரியாவிடம் கேட்டார், மண்ணுக்குள் இருக்கிற கம்பிக்கும் வானொலிக்கும் என்ன சம்பந்தம் என்று. அவள் தனக்குத் தெரிந்தபடி சொன்னாள். "நாம ஒரு கல்லைத் தூக்கி எறியணும்னா கால் தரையில ஊனி நிக்கணும்ல. கோபுரம் எறியுற கை. கம்பி ஊனுற கால். காலை வெட்டிட்டா எறிஞ்சது பக்கத்துலயே விழும்." பெரியவர்கள் தலையாட்டினார்கள். அந்த மைதானத்தில் இருந்த முக்கால்வாசிப் பேருக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது.

தீர்ப்பு இப்படி வந்தது. செனோன் புதுக் கம்பி புதைக்கும் வேலையில் கடைசி நாள் வரை நிற்க வேண்டும். அவனுடைய வைத்தியத்தை நிலையம் ஏற்க வேண்டும். இனி யாரும் ஆளைச் சுடும் பொறி வைக்கக் கூடாது. எந்நேரமும் கரண்டு ஓடும் என்று கெச்சுவா மொழியிலும் ஸ்பானிஷிலும் பலகை எழுதி நாலு பக்கமும் நட வேண்டும். நசாரியாவைப் பற்றிச் சபை ஒன்றும் சொல்லவில்லை. அவளைப் பற்றிச் சொன்னது நிலையத்தின் கூட்டுறவுக் கமிட்டி. மாத முடிவில் வேலையை விட்டு நிறுத்தியது. எடில்பெர்த்தோவும் ராஜினாமா செய்தார். அவர் டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கிறார் என்று கேள்வி.

மே மாதம் ஏழு ஊர் ஆட்களும் வந்து கம்பி புதைத்தார்கள். இந்த முறை செம்பு இல்லை. செம்பு பூசிய எஃகு. காயலான் கடையில் யாரும் சீண்ட மாட்டார்கள். முள் எட்டரை வரை ஏறியது, அதற்கு மேல் ஏறவில்லை. யாச்சுனிக்குக் கேட்டது, மழை நாளில் கொஞ்சம் கரகரத்தது. நசாரியா தன் அறையைக் காலி செய்து, தங்கை வீட்டருகே ஒரு மண்வீட்டில் குடியேறினாள். கறிக்குக் கினிப்பன்றி வளர்த்தாள், சந்தையில் கீன்வா தானியக் கொழுக்கட்டை விற்றாள். சிலர் அவளை 'உண்மையைச் சொன்னவள்' என்றார்கள், சிலர் 'ஞானப்பிள்ளையின் அப்பனைச் சுட்டவள்' என்றார்கள். இரண்டையும் அவள் மறுக்கவில்லை. இரண்டாவதைச் சொன்னவர்களுக்குத்தான் கொழுக்கட்டை ஒன்று கூடப் போட்டுக் கொடுத்தாள் என்று அவள் தங்கை குறைப்பட்டுக்கொண்டாள்.

நவம்பரில் கத்தரிக்கிற பருவம் வந்தது. மெஷின்காரர்கள் அந்த வருஷம் சின்ன மந்தைகளுக்கு வர மறுத்துவிட்டார்கள். பத்துப் பதினைந்து மிருகம் வைத்திருந்தவர்கள் பழையபடி செனோனைத் தேடினார்கள். அவன் இடது கையால் கத்தரி பிடிக்கப் பழகியிருந்தான். மிருகத்தைச் சாய்த்துப் பிடிக்கத்தான் அவனால் முடியவில்லை. ஒரு சனிக்கிழமை காலை நசாரியா அவன் பட்டிக்குப் போய், யாரையும் எதுவும் கேட்காமல், வேலி தாண்டி உள்ளே இறங்கினாள். ஒரு பழுப்பு அல்பாக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முழங்காலால் சாய்த்தாள்.

செனோன் அவளைப் பார்த்தான்.

"காலையும் புடிங்க கொமாத்ரே, உதைக்கும்" என்றான்.

அன்று பதினான்கு மிருகங்கள். கத்தரி மெதுவாகப் போனது. இரண்டு மூன்று இடத்தில் தோல் கீறி ரத்தம் வந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டான். அவள் கீறல் மேல் சாம்பலைத் தடவி விட்டாள். மதியம் சபீனா சூப் கொண்டுவந்தாள். வேலைக்கு வந்த எல்லோருக்கும் கையில் கொடுத்தாள். நசாரியாவின் கிண்ணத்தை மட்டும் ஐந்தடி தள்ளி, தரையில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

நசாரியா எழுந்து போய்க் கிண்ணத்தை எடுத்தாள். நின்றபடியே குடித்தாள். சூப்பில் மற்றவர்களுக்குப் போட்டது போலவே ஒரு துண்டு இறைச்சியும், பனியில் உலர்த்திய உருளைக்கிழங்கான சூன்யோ இரண்டும் கிடந்தன. கிண்ணத்தை ஓடைத் தண்ணீரில் அலம்பி, அதே கல்லின் மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அடுத்த மிருகத்தைப் பிடிக்கப் பட்டிக்குள் போனாள்.